பல் டாக்டர் கேட்ட கடல்

2025 மார்ச் 3, திங்கள்

ஏலக்காய் ஸ்டோர் போர்டு இன்று முடிந்தது. மஞ்சளில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் கறுப்பு நிழல். இருபத்திரண்டு வருடமாக இதே நிழலைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதியம் கட்டப்பனையிலிருந்து பல் டாக்டர் ராஜஸ்ரீ கடைக்கே வந்தார். பாலக்காட்டு கல்பாத்திக்காரர். போனில் ஒரு ஓவியத்தைக் காட்டினார். எந்த நாடோ, கோடை காலக் கடற்கரை. வெயில், மணல், மூன்று குடைகள், வெள்ளைப் பாவாடையில் நாலைந்து பெண்கள், தூரத்தில் ஒரு படகு. அலையே இல்லை. இம்ப்ரெஷனிஸ்ட் பாணி, வெறும் நிறத் தீற்றலாலேயே வரைவது என்று சொன்னார்.

“இதே மாதிரி வேண்டாம். இதைப் பார்த்துட்டு உங்க கடலைப் போடுங்கோ. ஆறடிக்கு நாலடி. வெயிட்டிங் ரூம்ல மாட்டணும். அங்க வரவா எல்லாம் பயந்துண்டு உக்காந்திருக்கா.”

“கோடே இல்லையே டாக்டர். எங்கன மண்ணு முடியுது, எங்கன தண்ணி தொடங்குதுன்னு எப்படிப் போட?”

“அதுதானாக்கும் அதோட விசேஷம்.”

ஒத்துக்கொண்டேன். என் கடல் என்கிறார். கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மணப்பாட்டில், கோயில் திருவிழாவுக்குப் போனபோது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மணலில் வைத்து அப்பா அம்மாவை இடுப்பு வாரால் அடித்தார். நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பக்கம் திரும்பி நின்றேன். அதுதான் என் கடல்.

மார்ச் 6, வியாழன்

முதலில் போட்ட கடல் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி வந்திருக்கிறது. சுரண்டி எடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி ஜிஸ்மி பூசைக்கு வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவள் புருஷன் வினோ போன் பண்ணினான் என்றாள். அவள் ஏன் பண்ணவில்லை?

வினோ கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் ஓட்டுகிறான். எட்டுப் பேர் ஏறும் வண்டியில் பதினேழு பேரை அடைப்பான். ரோட்டில் என்னைக் கண்டால் வண்டியை என் காலடி வரைக்கும் கொண்டுவந்து பிரேக் போட்டுவிட்டு, “பயந்துட்டீங்களா மச்சான்” என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்க மணல் வேலை. மணலுக்குள் ஊதா இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் தெரியவருகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. நிறத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் இன்னொரு தடவை தொட்டால் எல்லாம் கலந்து சேறாகிவிடுகிறது. போர்டு எழுதுகிறவன் கை தேய்த்துத் தேய்த்துத்தான் பழகியது. எடுக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 15, சனி

ஜிஸ்மி வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தாள். துண்டு முழுக்க ரத்தம். மேல்பல் இரண்டைக் காணவில்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

நேற்று மழை தூறியதாம். ஜிஸ்மி வேலை செய்யும் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது வினோ வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். காய் தரம் பிரிக்கும் பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, சாவிக்கொத்தைக் கைக்குள் வைத்து மூடி, வாயில் குத்தியிருக்கிறான். சிரி, இப்போ சிரி என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னானாம்.

இதை அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் எங்கே இருக்கிறது? என் போர்டு அளவு எழுதும் நோட்டில் எழுதிக் காட்டினாள்.

வேறு யாரைத் தெரியும்? டாக்டர் ராஜஸ்ரீயிடமே கூட்டிப்போனேன். தாடைக்குக் கம்பி கட்டினார். ஆறு வாரம் கஞ்சியும் ஜூசும்தான்.

“விழுந்தேளா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஜிஸ்மி தலையை ஆட்டினாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “விழுந்தா இப்படிப் போகாது குழந்தே. நான் கண்டதைக் கண்டபடியே எழுதி வெச்சிருக்கேன். என்னிக்கு வேணுமோ அன்னிக்கு வந்து கேளு. பயப்படண்டாம்.”

மார்ச் 17, திங்கள்

வினோ ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தான். அம்மா நாற்காலி போட்டாள். அவன் அம்மா காலில் விழுந்து அழுதான். கோபத்துல கை நீண்டுருச்சு அத்தே என்றான். ஜிஸ்மி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அம்மா சாயங்காலம் முழுக்க முணுமுணுத்தாள்: “உங்கப்பன் அடிக்காத அடியா? நான் எங்க போனேன்?”

நான் ஏன் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்? அம்மா கேட்கும்போதெல்லாம் பெண் அமையவில்லை என்பேன். பொய். என் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 20, வியாழன்

ஜிஸ்மி ஸ்டூலைப் போட்டுப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நோட்டை வாங்கி எழுதினாள்: “இவளுவ வீட்ல இன்னைக்குச் சமையல் இல்லயா? இவ்வளவு நேரமா உக்காந்திருக்காளுவ. யாரும் தேட மாட்டாங்களா?”

குடைக்குக் கீழே இன்னொரு பெண்ணைப் போடச் சொன்னாள். போட்டேன். ஏழெட்டுத் தீற்றல்தான். கொஞ்சம் தள்ளி நின்றால் யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் 22, சனி, காலை

தண்ணீர் வந்துவிட்டது! நாலு நாளாக வராத பச்சை. மத்தியானம் உரக்கடை போர்டு. வந்து வானத்தை முடிக்க வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதினேழு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்றுத்தான் ஜாமீனில் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். வக்கீல் ஒரு கதை சொல்லித் தருகிறார். அது என் மண்டையில் ஏறுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும்.

அன்று மூன்று மணி. ஏணிமேல் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஆறுச்சாமி போன் பண்ணினார். அவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆள், எப்போதும் நிதானமாகப் பேசுவார். அன்று கத்தினார்: “சுவக்கீனு, உங்க ஊட்டுல கொலை உளுகுதுங்க! ஓடியாங்க!”

ஓடினேன். வாசலில் ஜீப் எஞ்சின் அணைக்காமல் நிற்கிறது. வீட்டு முன்னறைதான் கடை; அதற்குள் கேன்வாஸ் மேலிருந்து கீழே வரை இரண்டு கீறலாகக் கிழிந்து, நடுத்துண்டு நாக்குபோல் தொங்குகிறது. அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் ரத்தம். வினோ ஜிஸ்மியின் முடியை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்து வாசலுக்கு இழுக்கிறான். மற்றொரு கையில் தோட்டத்துக் கத்தி. அவளால் வாயைத் திறந்து கத்தக்கூட முடியவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது — மாட்டுக்கு வருவதுபோல.

கேன்வாஸ் அடித்த தேக்குச் சட்டத்தில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. எடுத்தேன். முதல் அடி கத்தி பிடித்த கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது. முடியை விட்டான். ஜிஸ்மி நகர்ந்துவிட்டாள்.

அங்கே முடிந்தது. நான் முடிக்கவில்லை.

கத்தியைக் காலால் தள்ளிவிட்டு அடித்தேன். முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்தவனை அடித்தேன். முகத்தை மறைத்த கையை அடித்தேன். சட்டம் உடைந்தது. மேலே உட்கார்ந்து கையால் குத்தினேன். கண்ணில், வாயில், மறுபடியும் கண்ணில். என் விரல் இரண்டு ஒடிந்தது எனக்கே தெரியவில்லை. எனக்குக் கோபம் இல்லை. அதைத்தான் எழுத வேண்டும். நன்றாக இருந்தது. மழையில் நனைகிற மாதிரி இருந்தது.

“ணே... போதும்ணே... ணே...” கம்பிக்குள்ளிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டது. எனக்குக் கேட்டது.

ஆறுச்சாமி பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினார். “உட்ருங்க, செத்துருவானுங்க!”

வினோவுக்கு இடது கண்ணில் பாதிப் பார்வைதானாம். கை ஒடிந்தது, முழங்கால் சில்லு உடைந்தது. என்மேல் கொலைமுயற்சி கேஸ். சப்ஜெயிலில் ஒருவனை மூன்று பேர் கக்கூசுக்குள் வைத்து அடித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

ஜிஸ்மி இன்னும் என்னோடு பேசவில்லை. காரணம் தாடைக் கம்பி இல்லை. இப்போது பல்லைக் கடித்தபடி பேசிவிடுகிறாள் — அம்மாவிடம், ஆறுச்சாமியிடம்.

கடைசியில் நானே கேட்டுவிட்டேன். “உனக்காவத்தானே ஜிஸ்மி...”

கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள். “மொத அடி எனக்காவத்தான். ஒத்துக்கிடுதேன். மிச்ச அடியெல்லாம் யாருக்கு? போதும்னு கத்துனேன்லா. அவன்ட்டயும் அப்படித்தான் கத்துவேன். அவனும் நிறுத்த மாட்டான்.”

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வினோவின் அண்ணன் சுஜின் கோயிலிலிருந்து நேரே வந்தான், கையில் குருத்தோலையோடு. ஒத்துதீர்ப்பு, சமாதானம் பேச வந்திருக்கிறான். ஜிஸ்மி வினோவோடு வாழப் போனால், அந்த மரச்சட்டத்தை எடுத்தது வினோதான், இழுபறியில் விழுந்ததில் பட்ட அடி என்று அவர்கள் வாக்கை மாற்றிக்கொள்வார்கள். போகாவிட்டால் எனக்கு ஏழு வருஷமாவது உறுதி என்றான்.

“ரெண்டு பேரும் தப்பு பண்ணியாச்சு. ரெண்டு குடும்பமும் நல்லா இருக்கணும்லா” என்றான். ஓலையைச் சிலுவையாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அம்மா ஜிஸ்மியின் காலைப் பிடித்தாள். “ஏட்டி, அண்ணன் ஜெயிலுக்குப் போவான்டி. போயிருட்டி. கண்ணு தெரியாதவன் இனிமே என்னத்த அடிக்கப் போறான்?”

ஜிஸ்மி என்னைப் பார்த்தாள். நான் “வேண்டாம்” என்றேன். சொன்னேன்தான். ஆனால் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்? அவள் அதைக் கண்டுகொண்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று அந்த நேரத்தில் நான் நினைத்தது: அவள் போனால்தான் என்ன?

ஏப்ரல் 16, புதன்

காலையில் ஜிஸ்மி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப்போய், டாக்டர் எழுதிவைத்ததை வாங்கி, ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சாவிக்கொத்து, தாடை, கத்தி, ஒன்றும் விடவில்லை. போன வருஷம் பிடரியில் சூடு போட்டானாம். எனக்கே தெரியாது. இந்த வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று நடந்ததையும் எழுதிவிட வேண்டும்.

தாடைக் கம்பியை இன்று எடுத்தார்கள். வக்கீல் வீட்டுக்கே வந்திருந்தார். ஜிஸ்மி மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வினோ கடைசிவரை கத்தியைக் கையில் வைத்திருந்தான் என்று அவள் சொன்னால் போதும், எனக்குத் தற்காப்பு ஆகிவிடும் என்றார்.

“கத்தி கீழ விழுந்துட்டு” என்றாள் ஜிஸ்மி.

“அது தெரியும்மா. ஆனா கோர்ட்டுல...”

“கீழ விழுந்துட்டு. அண்ணன்தான் காலால தள்ளிவிட்டான். அதத்தான் சொல்லுவேன். நான் ஒரு பொய் சொன்னா, அவன் என்னைச் செஞ்சதும் பொய்னு ஆயிரும்.”

வக்கீல் போய்விட்டார். நான் எழுந்து நின்று என்ன பேசினேன் என்று நினைவில்லை. உனக்காக ஜெயிலுக்குப் போனேன் — விரல் ஒடிந்து கிடக்கிறேன் — தொழில் போச்சு — நன்றி கெட்டவளே — இப்படித்தான் இருக்கும். அவள் அசையாமல் நின்றாள். “நடந்ததத்தான் சொல்லுவேன்” என்றாள்.

வலது கையை ஓங்கிவிட்டேன்.

அடிக்கவில்லை. அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். கம்பி எடுத்து மூன்று மணிநேரம்கூட ஆகவில்லை. அவள் ஓடவில்லை, கத்தவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். பழகிப்போன மாதிரி.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். மெதுவாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்த மனுசன் கைதாம்ல இது. நெகம் கூட அப்படியே” என்றாள்.

மே 1, வியாழன்

இரண்டு பேரும் போய்விட்டார்கள். புற்றடிப் பக்கம் ஒரு லைன் வீடு. ஜிஸ்மி வேறு ஸ்டோரில் காய் பொறுக்கப் போகிறாள். அம்மா — ஆறு வாரமாக அவளைத் திரும்பிப் போ, போ என்று அரித்த அம்மா — தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறினாள்.

“நான் கூப்பிடுத வரைக்கும் வரண்டாம்” என்றாள் ஜிஸ்மி. அவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கடலைச் சட்டத்திலிருந்து பிடுங்கிச் சுருட்டி மிதித்தேன். பிறகு பிரித்தேன். மறுபடியும் மிதித்தேன்.

மே 10, சனி

டாக்டர் போன் பண்ணினார். படம் கிழிந்தது அவருக்குத் தெரியும். “வேற கேன்வாஸ் வாங்கித் தரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஓங்கியதையும். “உங்களுக்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியலை” என்றார். “படத்தை முடிச்சுக் கொண்டு வாங்கோ. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.” வைத்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

பின்பக்கம் துணிவைத்து ஒட்டினேன். முன்பக்கம் கீறலில் மக்குப் பசை நிரப்பித் தேய்த்தேன். மடங்கிப்போன விரல்களால் பிரஷ்ஷை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதனாலேயே அழுத்தம் விழவில்லை.

மே 19, திங்கள்

எவ்வளவு முயன்றாலும் வானம் அடி வாங்கிய தோல் மாதிரியே வருகிறது. நீலம், ஊதா, மஞ்சள். அப்பா அடித்த மூன்றாம் நாள் அம்மா முதுகு இப்படித்தான் இருக்கும். பக்கெட்டை எத்திவிட்டு வெளியே போய் வரப்பில் உட்கார்ந்து அலறினேன். ஆறுச்சாமி ஒரு டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மே 27, செவ்வாய்

ஒரு தீற்றல். கையை எடு. தள்ளி நில். இன்று முப்பது நாற்பது தடவைதான் கேன்வாஸைத் தொட்டிருப்பேன்.

ஜூன் 14, சனி

டாக்டரின் வெயிட்டிங் ரூமில் படத்தை மாட்டியாயிற்று. தாடை வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்து, “கன்னியாகுமரியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கீறல் இருந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்க முடியாது. அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஜிஸ்மி செயற்கைப் பல் அளவு கொடுக்க வந்திருந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் வாசலில் நின்றாள், பிறகு உள்ளே வந்தாள். படத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அங்கே உட்காரவில்லை. படத்துக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜிஸ்மி வீட்டுப் பக்கமும் ஸ்டோர் பக்கமும் வினோ வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டதாம். ஆறுச்சாமி சொன்னார். அவன்மேல் அவள் கொடுத்த கேஸ் தனியாக நடக்கிறது. அவள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். என் கேஸ் கொலைமுயற்சியிலிருந்து கொடுங்காயமாக இறங்கியதும் அதனால்தான் என்கிறார் வக்கீல். முதல் அடிக்குக் காரணம் இருந்தது என்று அவள் சொன்னதைப் போலீஸ் நம்பியிருக்கிறது — மிச்சத்தையும் மறைக்காமல் சொன்னதால்.

அக்டோபர் 14, செவ்வாய்

கோர்ட்டு வராந்தாவில் வினோ கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். பக்கத்தில் போனதும் சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் வரும்போது நான் அப்படித்தான் மறைப்பேன்.

குற்றத்தை ஒத்துக்கொண்டேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “கத்தி விழுந்த பிறகும் அடித்தேன். நிறுத்தச் சொன்னார்கள், கேட்டது, நிறுத்தவில்லை.” மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஆறு மாதம். அப்பீலுக்கு முப்பது நாள் அவகாசம், அதுவரை வெளியே இருக்கலாம்.

அப்பீல் போகப்போவதில்லை.

நவம்பர் 12, புதன்

நாளை சரணடைய வேண்டும். கடையைப் பூட்டிச் சாவியை ஆறுச்சாமியிடம் கொடுத்தாயிற்று.

மத்தியானம் ஜிஸ்மி போன் பண்ணினாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. “சோறு திங்க வா” என்றாள்.

போனேன். ஒரே அறை. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். உள்ளே குளிர் அதிகமா, கம்பளி கொடுப்பார்களா என்று அம்மா கேட்டாள். கொடுப்பார்கள் என்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். ஜிஸ்மி வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நகவெட்டி வைத்திருந்தாள்.

“அங்க இதெல்லாம் விட மாட்டாங்களாம். கைய நீட்டு” என்றாள்.

இடது கையை நீட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினாள். ஐந்தும் முடிந்தது. வலது கையை நானாக நீட்டவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

ஜிஸ்மி குனிந்து என் வலது கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பெருவிரலிலிருந்து வெட்டத் தொடங்கினாள்.